அம்மா வீட்டு வாசலில் ஒரு மறைக்காணி

அம்மா அப்பா தம்பினில். பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ. தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்த பல குடும்பங்களின் நிலை இதுதான். லயத்தில் அண்டை வீட்டார் கண்ணே காவலாக இருந்தது. இப்போது மறைக்காணி வாங்கி மாட்டுகிறோம்.

எத்தனை மெகாபிக்சல் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். எங்கே மாட்டுவது என்பதல்லவா பெரிய கேள்வி? கூரையை ஒட்டி வைத்தால் திருடனின் தொப்பிதான் பதிவாகும். எட்டு, ஒன்பது அடி உயரத்தில் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தால் முகம் தெரியும். கிழக்குப் பார்த்த வாசல் என்றால் காலை வெயிலில் வந்தவர் வெறும் நிழலாகிவிடுவார், பக்கவாட்டில் திருப்புங்கள். மாதம் ஒருமுறை சிலந்தி வலையைத் துடையுங்கள். இரவில் அகச்சிவப்பு ஒளி வலையில் பட்டுத் திரும்பினால் படம் முழுக்க வெள்ளையாகிவிடும்.

செயலியில் கேட், வாசல் பகுதியை மட்டும் குறித்துவிடுங்கள். சாலையில் போகும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் கைப்பேசி அலறினால், நாமே அறிவிப்பை அணைத்துவிடுவோம். அண்டை வீட்டு முற்றமும் படத்தில் விழாது பார்த்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள். 2016இல் 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாறாத கேமராக்களுக்குள்தான் நுழைந்தது. அந்த அக்டோபரில் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் தளங்களே முடங்கின.

வீட்டுக்குள்ளும் ஒன்று வைப்பதென்றால் அம்மாவிடம் கேட்டுவிட்டு வையுங்கள். அவர் தலை வாருவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்று. அறிவிப்பு வந்து நீங்கள் கோலாலம்பூரிலிருந்து கிளம்பினாலும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அண்டை வீட்டுக்காரரின் எண்ணைக் கைப்பேசியில் சேமித்துவிட்டீர்களா?