கரிமச் சூரிய மின்கலப் பலபடிகள்

கரிமச் சூரிய மின்கலம் என்பது சிலிக்கானுக்குப் பதிலாகக் கார்பன் சேர்மங்களைக் கொண்டு ஒளியை மின்சாரமாக்கும் கலம் ஆகும். இதன் ஒளி உறிஞ்சும் படலம் ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமனே உடையது. அதில் எலக்ட்ரானை வழங்கும் பொருள் பெரும்பாலும் ஒரு பலபடி (பாலிமர்). எலக்ட்ரானை ஏற்கும் மற்றொரு பொருள் அதனுடன் கலந்திருக்கும். இக்கலவையைக் கரைப்பானில் கரைத்து மை போல அச்சிடலாம்.

சாதாரண பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் சங்கிலிகளில் எலக்ட்ரான்கள் பரவி நிற்பதால் அவை வேறு வகை. இத்தகைய பாலிஅசிட்டிலீனை 1977-இல் மின்கடத்தியாக்கிக் காட்டிய ஹீகர், மக்டயார்மிட், ஷிரகாவா ஆகியோர் 2000-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

ஒளி பட்டதும் பலபடியில் எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் ஒன்றையொன்று ஈர்த்தபடி இணையாகவே நிற்கும். இந்த இணை எக்சிட்டான் எனப்படும். சுமார் 10 நானோமீட்டர் தொலைவுக்குள் ஏற்பியைச் சந்திக்காவிட்டால் அது மறைந்துவிடும். வழங்கியையும் ஏற்பியையும் தனித்தனி அடுக்குகளாக வைக்காமல் கலந்து வைப்பது இதனால்தான்.

நெடுங்காலம் ஆய்வகங்களில் பயன்பட்டது பி3எச்டி என்னும் தயோஃபீன் பலபடி. இதன் ஆற்றல் இடைவெளி 1.9 எலக்ட்ரான் வோல்ட். 650 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை இது உறிஞ்சாது. ஃபுல்லரீன் ஏற்பியுடன் இதன் திறன் பெரும்பாலும் 4 முதல் 5 விழுக்காடு வரையே எட்டியது. எலக்ட்ரான் மிகுந்த அலகையும் எலக்ட்ரான் குறைந்த அலகையும் சங்கிலியில் அடுத்தடுத்துக் கோத்தால் இடைவெளி சுருங்கும். கூடுதல் ஒளி கிடைக்கும்.

இடைவெளி குறைந்தால் திறன் கூடும் என்று மாணவர்கள் ஒரே வரியில் எழுதிவிடுவதுண்டு. அது பாதி விடைதான். கலத்தின் மின்னழுத்தம், பலபடியில் எலக்ட்ரான் நிரம்பிய மட்டங்களுள் உயர்ந்ததற்கும் ஏற்பியின் காலி மட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. நிரம்பிய மட்டத்தை உயர்த்தி இடைவெளியைச் சுருக்கினால் மின்னோட்டம் கூடும், மின்னழுத்தம் சரியும். ஒரு கையில் வாங்கியதை மறு கையில் கொடுத்த கதைதான். சங்கிலியில் ஃபுளூரின் அணுக்களைச் சேர்ப்பது இதற்கு ஒரு நல்ல தீர்வு. ஃபுளூரின் எலக்ட்ரான்களைத் தன்பால் இழுத்து நிரம்பிய மட்டத்தைத் தாழ்த்துகிறது. பக்கச் சங்கிலிகளும் முக்கியமானவை: அவை இல்லாவிட்டால் பலபடி கரையாது, மிகப் பருத்தால் சங்கிலிகள் நெருங்கி அடுக்கா.

2019-இல் சீனாவில் உருவான ஒய்6 என்ற ஏற்பி கணக்கையே மாற்றியது. அது 900 நானோமீட்டரையும் தாண்டி, அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சுகிறது. ஆகவே பலபடி அந்த வேலையைச் செய்யத் தேவையில்லை. ஒய்6 உடன் சேர்ந்து 15.7 விழுக்காடு தந்த பிஎம்6 பலபடியின் இடைவெளி 1.8 எலக்ட்ரான் வோல்ட். பழைய பி3எச்டியினதற்கு மிக அருகில்! ஆனால் ஃபுளூரின் உள்ள இதன் நிரம்பிய மட்டம் ஏறத்தாழ அரை எலக்ட்ரான் வோல்ட் தாழ்வானது. பின்னர் வந்த ஆய்வகக் கலங்கள் 19 விழுக்காட்டைக் கடந்துவிட்டன.

பிஎம்6 தயாரிக்கப் பல வினைப்படிகள் தேவை என்பதால் விலை அதிகம். மலிவாக அச்சிட வேண்டிய பொருளுக்கு இது பெருங்குறை. 2018-இல் அறிமுகமான பிடிக்யூ10 என்ற பலபடியை இரண்டே படிகளில் தயாரிக்கலாம். ஃபுல்லரீன் அல்லாத ஏற்பியுடன் அது 12.7 விழுக்காடு தந்தது. அதன் அமைப்பிலும் ஓர் அலகுக்கு இரண்டு ஃபுளூரின் அணுக்கள் உள்ளன.