காலில் ஒரு சொல்

செருப்பு!

நான்கே எழுத்து. பச்சைத் தமிழ்ச் சொல். ஆனால் மேடையிலே இதைச் சொன்னால் முன்வரிசைக் கனவான் முகத்தைச் சுளிக்கிறார். பாதரட்சை என்று பகரக்கூடாதா, காலணி என்று கூறக்கூடாதா என்று கேட்கிறார். கேட்கிறவர் காலிலே கிடப்பதும் செருப்புத்தான்! காலிலே கிடக்கலாம், காதிலே விழக்கூடாதாம்! ஏன் இந்தக் கூச்சம்? இந்த இழிவு எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? தோழர்களே, அந்தச் சொல்லைச் சற்றே உதறிப் பார்ப்போம். உள்ளே கிடக்கும் கற்கள் ஒவ்வொன்றாக வெளியே விழும்.

பழந்தமிழ்ப் புலவனுக்கு இந்தக் கூச்சம் இருந்ததில்லை. பதிற்றுப்பத்திலே பூழியர் கோமானாகிய சேரனுக்கு உரிய மலை ஒன்றின் பெயரே செருப்பு! காலால் மிதிக்கும் செருப்பு ஒன்று, மிதிக்க முடியாத மலையாகிய செருப்பு மற்றொன்று என்று அந்தப் பாட்டு சொல்லை வைத்து விளையாடுகிறது. புறநானூற்றிலே ஒரு வீரன் வருகிறான். செருப்புக்குள் புகுந்துகொண்ட பரற்கல் எப்படியோ, பகைவருக்கு அப்படி அவன்! வீரனைப் புகழ உவமை தேடிய புலவன் செருப்பிடம் வந்தான், வெட்கப்படாமல் வந்தான். பெரும்பாணாற்றுப்படை இதற்குத் தந்த பெயர் 'அடிபுதை அரணம்'. அரணம் என்றால் காவல். கோட்டைக்கு எந்தச் சொல்லோ, காலுக்கும் அந்தச் சொல்! அதே நூலிலே மாடு மேய்க்கும் ஆயன் ஒருவன். செருப்பு அழுத்தி அழுத்தி வடுப்பட்டுப்போன அவன் காலைப் பார்த்துப் பாடுகிறார் புலவர். பாட்டுக்குப் பொருளானது உழைப்பாளியின் கால்!

மக்கள் பேச்சிலே இந்தச் சொல் இன்னும் செழிப்பாக வாழ்கிறது. வேலை கேட்டு அலைந்தவன் 'நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது' என்கிறான். ஊரார் 'செருப்பின் அருமை வெயிலில் தெரியும்' என்கிறார்கள். முறைகேடான யோசனை சொன்னால் 'செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவதா' என்று மடக்குகிறார்கள். நன்றிக்கு எல்லை காட்ட 'என் தோலைச் செருப்பாய்த் தைத்துப் போட்டாலும் தீராது' என்கிறார்கள். தரையோடு தரையாய்ப் படரும் மூலிகைக்குச் செருப்படை என்று பெயர். ஈழத்துத் தமிழர் நாவிலே போர்த்துக்கீசியன் விட்டுச் சென்ற சப்பாத்து இன்றும் நடமாடுகிறது.

மலையாக நின்ற சொல், அரணாக விளங்கிய பொருள், வசையானது எப்படி?

செத்த மாட்டைத் தூக்க ஒருவன். தோலை உரிக்க ஒருவன். பதப்படுத்தித் தைத்துத் தர ஒருவன். தைத்தவன் தீண்டத்தகாதவன், தைத்ததைப் போட்டு நடப்பவன் மேன்மகன்! தொட்டுத் தைத்தவன் கையிலே தீட்டு இருக்குமானால், அந்தத் தீட்டு போட்டு நடப்பவன் காலிலே ஏறாமல் போனதெப்படி? வைதீகம் இதற்கு விடை சொன்னதில்லை.

பாருங்கள் வேடிக்கையை. இராமனின் காலிலே இருந்தால் அதற்குப் பெயர் பாதுகை. அது அரியணை ஏறிப் பதினான்கு ஆண்டு அயோத்தியை ஆண்டதாகக் கதை! அதைப் போற்றி வேதாந்த தேசிகர் வடமொழியிலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுலோகங்கள் பாடினார். பெருமாள் கோயிலிலே அதுவே சடாரியாகிப் பக்தன் தலைமேல் ஏறுகிறது. நாடாண்டது பாதுகை, நாட்டுக்கு உழைத்தவன் காலிலோ அது குற்றப்பொருள்!

குற்றப்பொருள் என்றோமே, மிகையா? திருவிதாங்கூரிலே 19ஆம் நூற்றாண்டில் நாடார் மக்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, பொன் நகை பூணக்கூடாது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்திலே ஆதிக்கச் சாதியார் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் குடை பிடிக்காதே, செருப்பு அணியாதே என்பதும் அவற்றிலே உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் அதைத் தம் நூலிலே பதிவு செய்திருக்கிறார். சித்திரை வெயிலிலே தார் உருகும் சாலையில், கையிலே செருப்பைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடக்க வேண்டும் என்றால், காலிலே படும் சூட்டைவிட மனத்திலே படும் சூடு பெரிதல்லவா?

வெள்ளைக்காரனும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டான். அவனுடைய கச்சேரிக்குள் இந்தியன் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும் என்றான். 1862இல் சூரத் நீதிமன்றத்திலே மானக்ஜி கவாஸ்ஜி என்டீ என்ற பார்சிக்காரர் கழற்ற மாட்டேன் என்று நின்றார். கழற்று என்பவன் கேட்பது தோலையல்ல, தன்மானத்தை! அவருக்கு அது புரிந்திருந்தது.

அணிந்தால் குற்றம், எறிந்தால் அவமானம். 1944இல் கடலூரிலே ரிக்ஷாவில் சென்ற பெரியார் மீது ஒரு செருப்பை வீசினார்கள். அவர் என்ன செய்தார்? வண்டியைத் திருப்பச் சொல்லி மற்றொன்றையும் தேடி எடுத்துக்கொண்டார்! ஒற்றைச் செருப்பு யாருக்கும் பயன்படாது, சோடியாக இருந்தால் உதவும். எறிந்தவன் அவமானத்தை எறிந்தான். எடுத்தவர் செருப்பை மட்டும் எடுத்தார். அந்தக் கடலூரிலே பின்னர் அவருக்குச் சிலை எழுந்தது. 2008 டிசம்பர் 14 அன்று பாக்தாதில் முன்தாதர் அல்-சைதி என்ற செய்தியாளர், அமெரிக்க அதிபர் புஷ்ஷை நோக்கித் தன் காலிலிருந்த இரண்டையும் கழற்றி வீசினார். பீரங்கி ஒருவன் கையிலே. மற்றவன் கையிலே மிஞ்சியது அதுதான்!

பழங்கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்குச் செருப்பு மாலை போடுவது குற்றம். அவர்கள் பொது இடத்திலே செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று எழுதிச் சேர்த்தார்கள். நிலவுக்கு விண்கலம் அனுப்பிய நாடு, காலுக்குச் செருப்பு அணியும் உரிமையைச் சட்டப் புத்தகத்திலே எழுத வேண்டியிருந்தது! நோய் இல்லாத வீட்டிலே மருந்து வாங்குவார்களா?

காலணி என்று மூன்று சுழி போட்டால் காலுக்குக் காவல். காலனி என்று இரண்டு சுழி போட்டால் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தெரு. ஒரு சுழிதான் வேற்றுமை! அந்த ஒரு சுழிக்குள்ளே எத்தனை தலைமுறைக் கண்ணீர்! 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு சட்டமன்றத்திலே அறிவித்தார்கள். நல்ல செய்தி. ஏட்டிலே நீக்குவது அரசின் வேலை; எண்ணத்திலே நீக்குவது நம் வேலை.

ஆகவே தோழர்களே, செருப்பு என்ற சொல்லுக்காக நாம் கூசத் தேவையில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலோடு போராடும் கைகள், தெருமுனைச் சாக்கின்மேல் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கும் கைகள், ஊரின் கால்களுக்கு அரண் அமைக்கும் கைகள்! அந்தக் கையைத் தாழ்வென்று எண்ணும் தலையைப் பார்த்துத்தான் கூச வேண்டும். உங்கள் ஊரிலே எந்தத் தெருவிலாவது ஒருவர் இன்றும் செருப்பைக் கையிலே எடுத்துக்கொண்டு நடக்கிறாரா? கேளுங்கள். இருந்தால், அவர் அதைக் காலிலே போட்டு நடக்கும்வரை அவர் பக்கத்திலே நடந்து செல்லுங்கள்.