ஆபத்திலே ஒரு சொல்

“தலைக்குத் தலை பெரியதனம்” என்று நம் முன்னோர் எச்சரித்தனர். ஆபத்து வேளையில் கட்டளையிடுவோர் பலராயின் காரியம் கெடும். இவ்வுண்மையைத் திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றிலே காண்கிறோம்.

1942 மார்ச்சில், யப்பானியரின் தாக்குதலை எதிர்நோக்கிய இலங்கையில், முப்படைகளும் சிவில் நிருவாகமும் கடற்படைத் தளபதி சேர் ஜெவ்ரி லேற்றன் என்னும் ஒருவரது ஆணைக்குள் வைக்கப்பட்டன. தேசாதிபதியும் அவருக்குக் கட்டுப்பட்டார். ஏப்பிரல் 8ஆம் திகதி பகைவரின் கப்பற்படை நெருங்குவதை வேவு விமானம் அறிவித்தது; அன்றிரவே துறைமுகத்திலிருந்த கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. மறுநாட் காலை குண்டுகள் பொழிந்தபோது அங்கு எஞ்சியிருந்தவை மிகச் சிலவே.

ஆயினும், தன் விமானங்களைக் கரையில் விட்டுச் சென்ற ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் தாக்குண்டு மூழ்கியது. காவல் விமானங்கள் காலத்தே வந்து சேரவில்லை. அக்கப்பலில் மட்டும் 307 பேர் மாண்டனர்.

ஆகவே, தலைமை ஒன்றாயிருத்தல் மட்டும் போதாது. அதன் சொல்லும் உதவியும் கடைக்கோடிவரை உரிய காலத்திற் சென்றடைதல் வேண்டும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நாட்டிற்கு அத்தகைய ஒழுங்கை வகுத்தது. வீட்டிற்கும் ஓர் ஒழுங்கு வேண்டாவோ? யார் சொற்படி நடப்பது, அச்சொல்லை யார் யாருக்கு உரைப்பது என்பதனை ஆபத்து வருமுன்னரே முடிவு செய்துகொள்வோமாக.