ஷூ பாலிஷ் சிறுவனும் பிரேசிலின் ஆஸ்கரும்

பிரேசில் என்றதும் உங்களுக்குக் கால்பந்தும் பீலேவும்தானே ஞாபகம் வரும், குழந்தைகளே? இன்று அந்த நாட்டு சினிமாவைப் பார்ப்போம்.

ரியோ டி ஜெனிரோ நகர விமான நிலையம். ஷூவுக்குப் பாலிஷ் போடும் சிறுவன் ஒருவன், அங்கே வந்த ஒருவரை நெருங்கினான். அவர் போட்டிருந்ததோ பாலிஷ் தேவைப்படாத விளையாட்டு ஷூ! சாப்பிடக் காசு இல்லை. கடனாகக் கேட்டான், திருப்பித் தந்துவிடுவதாகவும் சொன்னான்.

அவர்தான் திரைப்பட இயக்குநர் வால்டர் சாலஸ். தன் படத்தில் நடிக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களைப் பார்த்தும் திருப்தி இல்லாமல் இருந்தவர், “நடிக்கிறாயா?” என்று இவனைக் கேட்டார். அவன் அதுவரை சினிமாவே பார்த்ததில்லையாம்! தன்னோடு பாலிஷ் போடும் மற்ற பையன்களுக்கும் வாய்ப்பு தரவேண்டும் என்றான். எப்படி மனசு பாருங்கள்! அவன் பெயர் வினீசியஸ் டி ஒலிவெய்ரா.

அந்தப் படம், 1998-ல் வந்த ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’. அதில் டோரா என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருவார். எழுதத் தெரியாதவர்களுக்கு ரயில் நிலையத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதித் தருவது அவர் தொழில். காசை வாங்கிக்கொண்டு, பல கடிதங்களைத் தபாலில் போடவே மாட்டார்! (நானும் ஓய்வுபெற்ற ஆசிரியர்தான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.) விபத்தில் அம்மாவை இழந்த சிறுவன் ஒருவன், டோராவுடன் தொலைதூரத்தில் இருக்கும் அப்பாவைத் தேடிப் போகிறான். போகப் போக டோராவின் மனம் மாறுகிறது.

ஜெர்மனியின் பெர்லின் திரைப்பட விழாவில் இந்தப் படம் ‘தங்கக் கரடி’ விருது பெற்றது. டோராவாக நடித்த பெர்னாண்டா மான்டினீக்ரோவுக்குச் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி. 1999-ல் அவர் பெயர் ஆஸ்கர் போட்டிக்கும் போனது. ஆனால் பரிசு கிடைக்கவில்லை.

பல வருடங்கள் கழித்து, 2024-ல் அதே சாலஸ் ‘ஐயாம் ஸ்டில் ஹியர்’ என்ற படத்தை எடுத்தார். இது உண்மைக் கதை. பிரேசிலில் 1964 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி. 1971-ல் ரூபன்ஸ் பைவா என்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரை வீட்டிலிருந்து விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. ஐந்து குழந்தைகளோடு தனித்து நின்ற மனைவி யூனிஸ், பிறகு சட்டம் படித்து வழக்கறிஞரானார். கணவர் இறந்ததற்கான சான்றிதழை அரசிடமிருந்து வாங்கவே அவருக்கு 25 வருடங்கள் ஆயின!

யூனிஸாக நடித்தவர் யார் தெரியுமா? மான்டினீக்ரோவின் மகள் பெர்னாண்டா டோரஸ்! 2025 ஜனவரியில் அவருக்குக் ‘கோல்டன் குளோப்’ விருது கிடைத்தது. அம்மாவைப் போலவே இவர் பெயரும் ஆஸ்கர் போட்டிக்குப் போனது. அம்மாவைப் போலவே இவருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் மார்ச் மாதம் சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கரை அந்தப் படம் வென்றது. பிரேசிலுக்கு அந்தப் பிரிவில் அதுதான் முதல் ஆஸ்கர்.

படத்தின் கடைசியில் வயதான யூனிஸாக வருபவர், தொண்ணூறு வயதைத் தாண்டிய அம்மா மான்டினீக்ரோவேதான். நினைவு மங்கிப்போன அந்தப் பாட்டி, தொலைக்காட்சியில் கணவரின் படத்தைப் பார்க்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. கண்கள் மட்டும் மெல்ல அசைகின்றன.