கெல்லரில கிடக்கிற மொண்டியா: ஓட முதல் கழட்டிப் பாருங்கோ

போன எபிசோடுக்குப் பிறகு ஒருத்தர் கேட்டிருந்தார்: "கெல்லரில 1970களின்ர ரேஸ் வேலோ ஒண்டு கிடக்கு. மொண்டியா எண்டு எழுதியிருக்கு. எடுத்து ஓடலாமா?"

இது எங்கட ஊர்க் கேள்வி. மொண்டியா சோலோதுர்ன் மாநிலத்தில, பால்ஸ்தாலில செய்யப்பட்ட சைக்கிள். புரோக்கியிலயும் வேலோபேர்சேயிலயும் இண்டைக்கும் கண்ணில படும்.

என்ர பதில்: ஓடலாம், ஆனால் இண்டைக்கு இல்லை. பழைய கோட் பிழைச்சா சேர்வரை ரீஸ்டார்ட் பண்ணலாம். வைசென்ஸ்ரைனில இருந்து இறங்கேக்க ஹாண்டில் முறிஞ்சா முந்தின வேர்சனுக்குத் திரும்ப ஏலாது. அந்த றோட்டில 20 வீதத்தைத் தாண்டுற சரிவுகள் இருக்கு. அதால பெயின்ரையும் குரோமையும் பிறகு மினுக்குவம். முதல்ல, சொல்லாமல் உடையக்கூடிய சாமான்களைப் பார்ப்பம்.

எவ்வளவு காலம் நிண்டது? பிறேமில ஒட்டியிருக்கிற வேலோ விக்னெட்டைப் பாருங்கோ. 2012 இல இருந்து அந்த முறை இல்லை. கடைசி ஸ்டிக்கரின்ர வருசம், வண்டி கடைசியா எப்ப றோட்டில நிண்டது எண்டு ஓரளவுக்குச் சொல்லும். அதுதான் உங்கட லொக் ஃபைல்.

பிறேம். ஹாண்டில் குழாய்க்குக் கொஞ்சம் பின்னால, மேல் குழாய்க்கும் சரிஞ்ச குழாய்க்கும் அடியில விரலால தடவுங்கோ. பெயின்ட் சுருங்கியிருந்தாலோ, சின்ன மடிப்புத் தட்டினாலோ அது முன்னுக்கு மோதின வண்டியாயிருக்கலாம். போர்க்கும் பின்பக்கம் வளைஞ்சிருந்தா அதைச் சுவரில மாட்டுங்கோ, ஓடாதேங்கோ.

ஹாண்டில். இரும்பு பெரும்பாலும் வளைஞ்சு காட்டித்தான் உடையும். அலுமினியம் ஒவ்வொரு குலுக்கலையும் கணக்கு வைச்சு, ஒருநாள் சட்டெண்டு முறியும். 1970களில இங்கிலாந்தின்ர லம்பேர்ட், பிறகு வைக்கவுண்ட், அலுமினியப் போர்க்கோட வந்தது. அது முறியுது எண்டு திருப்பி எடுக்க வேண்டி வந்தது. பழைய சைக்கிள்காரர் அதுக்கு வைச்ச பெயர் "மரணப் போர்க்". உங்கட மொண்டியாவில ஹாண்டிலையும் அதைப் பிடிக்கிற ஃபோர்பாவையும் கழட்டித் துடைச்சு, ரோர்ச் அடிச்சு, இறுக்குற இடத்தில வெடிப்புத் தேடுங்கோ. வெடிப்பு இல்லாவிட்டாலும், வயசு தெரியாத அலுமினிய ஹாண்டிலை நான் மாத்தித்தான் ஓடுவன்.

பிறேக், ரயர். முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு வேலை செய்யவேணும், அது சட்டம். நாப்பது வருசத்துப் பிறேக் கட்டை கல்லு மாதிரி. கேபிளோட சேர்த்து மாத்துங்கோ. றிம் குரோம் பூசின இரும்பு எண்டா மழையில பிடி மிகக் குறைவு, அலுமினிய றிம் போடுறது நல்லது. ஹாண்டிலின்ர மேல்பக்கத்தால பிடிக்கிற இரண்டாவது பிறேக் லீவர் இருந்தா கழட்டிவிடுங்கோ. அது முழுப் பலத்தோட இழுக்காது. கொலே ரயர் எண்டா பசை காய்ஞ்சிருக்கும், வளைவில றிம்மை விட்டுக் கழண்டு போகும்.

இனி இந்த வண்டியின்ர விசர்க்குணம்: ட்ரெட்லாகர். அந்தக் காலத்துச் சுவிஸ் சைக்கிள் பலதில "சுவிஸ் மரை" எண்டு தனி மரை இருக்கு. அளவு 35 மில்லிமீற்றர், ஒரு சுத்துக்கு 1 மில்லிமீற்றர். பிரெஞ்சு மரையும் அதே அளவுதான். வித்தியாசம் ஒண்டே ஒண்டு. செயின் பக்கக் கப் பிரெஞ்சில வலம்புரி, சுவிஸில இடம்புரி. அளந்து பார்த்துப் பிரெஞ்சு எண்டு நினைச்சுக் கழட்டினா, கழட்டுறம் எண்டு நினைச்சே இறுக்குவியள்.

இதில அப்பாமாரின்ர அனுபவம் பாதி உதவும். 1990களில, பெற்றோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில சைக்கிளைக் கழட்டிப் பூட்டிப் பழகினவை கன பேர். அங்க ஓடினது இங்கிலாந்து முறைச் சைக்கிள், அதிலயும் செயின் பக்கம் இடம்புரிதான். அதால அப்பா திருப்புற பக்கம் சரியாயிருக்கும். ஆனால் கடையில வாங்குற இங்கிலாந்து அளவுக் கப்பைப் பூட்ட விடாதேங்கோ. அது கிட்டத்தட்ட 34.8 மில்லிமீற்றர். முதல் இரண்டு சுத்துச் சுகமாப் போகும், பிறகு மரையைச் சீவிக்கொண்டு போகும். எரர் காட்டாமல் கொம்பைல் ஆகி, ஓடேக்க டேற்றாவை அழிக்கிற கோட் மாதிரி.

பழைய கப் நல்லா இருந்தா அதையே வைச்சிருங்கோ. கழுவி, கிறீஸ் போட்டு, போல்ஸை மட்டும் மாத்துங்கோ. வழமையா பக்கத்துக்கு 11, ஒவ்வொண்டும் கால் இஞ்சி. செலவு சில பிராங்குகள்தான். கப்பில குழி விழுந்திருந்தா, மரை தேவைப்படாத, உள்ளுக்கு விரிஞ்சு பிடிக்கிற ட்ரெட்லாகர் விக்குது. கப் அசையாவிட்டா வயசான வேலோ மெக்கானிக் ஒருத்தரிட்டக் கொண்டு போங்கோ. இந்த மரையை அவையின்ர கைக்குத் தெரியும்.

எல்லாம் பூட்டி முடிஞ்சதும் முதல் ஓட்டம் ஆரே கரையில, சமதரையில, ஹெல்மெட்டோட. பத்துக் கிலோமீற்றர் ஓடி வந்து எல்லாப் போல்ற்றையும் திரும்ப இறுக்கிப் பாருங்கோ. ஒண்டும் இளகாமல் இரண்டு மூண்டு ஓட்டம் போனபிறகு மலையைப் பற்றி யோசிக்கலாம்.