பழைய வீடுகள் பாழாகலாமா?

கோயிலையும் கோட்டையையும் பேணிக் காக்க வேண்டும் என்றால் அதை மறுப்பார் இலர். ஆனால் ஒருவர் குடியிருக்கும் பழைய வீட்டைக் காக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். “அது அவருடைய சொத்து, வைத்திருப்பதும் இடிப்பதும் அவர் விருப்பம். ஊருக்கு அதில் என்ன வேலை?” என்ற கேள்வி உடனே எழும். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண்பதற்குப் புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையைப் போன்ற பொருத்தமான இடம் வேறில்லை.

தெற்கே வென்னப்புவ, மாரவில தொடங்கிச் சிலாபம், உடப்பு, முந்தல் வழியாகப் புத்தளம் வரையும், அங்கிருந்து குடாநாடாக நீண்டு கற்பிட்டி வரையும் செல்வது இக்கரையோரம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், இந்துக்களும் கத்தோலிக்கரும் பௌத்தரும் கலந்து வாழும் நிலம் இது. உப்பு, மீன், தென்னை, வாணிபம் ஆகியவற்றால் செல்வம் சேர்த்தோர் தத்தம் காலத்தில் கட்டிய வீடுகள் இவ்வூர்களில் உண்டு. கனத்த சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த ஓட்டுக்கூரை, வீதியை நோக்கிய விறாந்தை, காற்றும் வெளிச்சமும் இறங்கும் நடுமுற்றம், முதிரையிலும் தேக்கிலும் இழைத்த நிலைக்கதவு ஆகியவை அவ்வீடுகளின் இலட்சணங்கள்.

கரை கண்ட வரலாறு

1344ஆம் ஆண்டில் உலகம் சுற்றிய அரபு யாத்திரிகர் இபுன் பதூதா புத்தளத்தில் கரையிறங்கினார். அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு உரையாடினார். நகரைச் சூழ மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் இருந்தன என்று தம் நூலில் குறித்துச் சென்றார். இன்று அந்த மதிலின் சுவடுகூட இல்லை. எழுத்தில் இருந்ததால் நாம் அறிகிறோம். எழுதப்படாமல் அழிந்தவை எத்தனையோ!

ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடித்த கற்பிட்டிக் கோட்டை இன்றும் நிற்கிறது. அது அரசின் பொறுப்பில் இருப்பதால் நிற்கிறது. அதே கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. 1834இல் ‘சிலோன் கசற்றியர்’ என்னும் இலங்கை ஊர் விவர நூலை வெளியிட்டவர் அவர். 1859இல் ‘தமிழ் புளூராக்’ என்னும் நூலில் தமிழ்ப் புலவர்களின் சரித்திரத்தைத் தொகுத்தளித்தவரும் அவரே. கற்பிட்டி வீதிகளின் பழைய வீடுகள் அத்தகையோர் வாழ்ந்த காலத்தைக் கண்முன் நிறுத்துவன. அவற்றையும் இழந்துவிட்டால் அக்காலத்தை ஏட்டில் மட்டுமே தேட வேண்டியிருக்கும்.

சிலாபத்துக்கு வருவோம். 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது சிலாபத்துக்கும் எழுந்தருளினார். இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவராக விளங்கிய சார்ல்ஸ் எட்கார் கொரையாவின் குடும்பத்தார் அவரை ‘சிகிரியா’ என்னும் தம் இல்லத்தில் வரவேற்றனர். அது தனியார் இல்லமே. ஆயினும் நாட்டின் வரலாறு அதன் வாயிற்படியில் ஏறி இறங்கியது.

பெரியோர் வந்து போனதால் மட்டும் ஒரு வீடு சிறப்படைவதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் கற்பிட்டி, புத்தளம் கரைகளை வந்தடைந்தபோது, இப்பகுதி மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தம் வீடுகளையும் திறந்து இடமளித்தனர். வருவோருக்கு நிழல் தருவதற்கென்றே நம் முன்னோர் விறாந்தை வைத்துக் கட்டினர் அன்றோ?

வீடுகள் ஏன் அழிகின்றன?

உரிமையாளருக்கு அக்கறையில்லை என்று பழி கூறுவது எளிது. உண்மை அதுவன்று. பெரும்பாலும் வீடு ஒன்று, வாரிசுகள் பலர். ஒருவர் கொழும்பில், ஒருவர் கனடாவில், ஒருவர் மத்திய கிழக்கில். பிரிக்கப்படாத பங்குரிமையில் கூரைச் செலவை ஏற்பவர் யார்? வழக்கு நீதிமன்றம் சென்றால், 1977ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி காணி துண்டாகலாம். அல்லது ஏலத்தில் விற்பனையாகலாம். வாங்குபவருக்கு நிலமே வேண்டும், வீடு வேண்டாம். இதற்கிடையே பழம்பொருள் வியாபாரி வந்து கதவுக்கும் தூணுக்கும் விலை பேசுவார். கதவு போன வீடு நெடுநாள் நிற்பதில்லை.

இரண்டாவது பகை, நல்லெண்ணத்தோடு செய்யும் தவறான பழுதுபார்ப்பு. புத்தளம் சீமெந்தை நாடறியும். ஆனால் பழைய சுவருக்கு அச்சீமெந்தே எமனாகிறது. கடற்கரை மண்ணிலுள்ள ஈரமும் உப்பும் சுவரில் மெல்ல ஏறும். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் உடையது. ஈரம் அதன் வழியே ஆவியாகிப் போய்விடும். சீமெந்து பூசினால் அவ்வழி அடைபடும். ஈரம் உள்ளே தேங்க, உப்பு பூச்சின் பின்னே படிகமாகி விரிந்து, பூச்சைத் தள்ளிக் கல்லையும் பொடியாக்கும். “பழைய சுவர், அதனால் உதிர்கிறது” என்று எண்ணி மறுபடியும் சீமெந்தே பூசுகிறோம்!

மூன்றாவது, கூரை. ஓர் ஓடு உடைந்தால் நீர் கைமரத்தில் இறங்கும். கைமரம் உளுத்தால் வளை சாயும். வளை சாய்ந்தால் சுவர் பிளக்கும். ஓர் ஓட்டின் விலைக்குச் சோம்பியவர் ஒரு வீட்டையே விலையாகக் கொடுக்க நேரிடும்.

சட்டம் போதுமா?

நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் உண்டு. அதன்படி தனியார் காணியிலுள்ள பழங்கட்டிடத்தையும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்கலாம். அறிவித்த பின்னர் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி அதை இடிக்கவோ மாற்றவோ கூடாது. பழம்பொருள்கள் நாட்டை விட்டுச் செல்லாமல் தடுக்க 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனங்கள் சட்டமும் இருக்கிறது.

ஆனால் தடை விதிக்கும் கை வேறு, தாங்கும் கை வேறு. “இடிக்காதே” என்று உரிமையாளரிடம் சொல்லும் சமுதாயம், “ஓடு மாற்ற உதவுகிறேன்” என்றும் சொல்ல வேண்டாமா? உதவி இல்லாத இடத்தில் பாதுகாப்பு என்பது உரிமையாளருக்குத் தண்டனையாகவே தோன்றும். அறிவிப்பு வருமுன் இடித்துவிடலாம் என்று சிலர் எண்ணினால், அதில் வியப்பில்லை.

பிற இடங்களில் வழி கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1895இல் தோன்றிய தேசிய நம்பிக்கை நிதியம், 1937இல் இயற்றப்பட்ட சட்டத்தின் துணையோடு ஓர் ஏற்பாடு செய்தது. உரிமையாளர் வீட்டை நிதியத்துக்கு அளித்துவிட்டுத் தொடர்ந்து அதிலேயே வாழலாம். குறித்த நாட்களில் பொதுமக்கள் வந்து பார்க்கலாம். தமிழ்நாட்டின் செட்டிநாட்டில் பெரிய வீடுகள் சில விருந்தினர் விடுதிகளாகித் தம் செலவைத் தாமே தேடிக்கொள்கின்றன. நம் நாட்டிலேயே, 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காலிக் கோட்டைக்குள், நெதர்லாந்து அரசின் உதவியோடு தனியார் வீடுகள் பல பழுதுபார்க்கப்பட்டன. காலிக்கு இயன்றது கற்பிட்டிக்கு இயலாதா?

பொதுப் பணத்தைத் தனியார் வீட்டுக்குச் செலவிடலாமா என்பார்க்கு நமது விடை இது: உதவி இனாமாக வேண்டாம், உடன்பாட்டோடு வரட்டும். வீதியை நோக்கிய முகப்பை மாற்றுவதில்லை, கதவு தூண்களை விற்பதில்லை, ஆண்டுக்கு ஒரு நாளாவது மாணவர்க்கு வாயிலைத் திறப்பது என்று உரிமையாளர் ஒப்பட்டும். அதற்கு ஈடாக உள்ளூராட்சி சபை ஆதன வரியில் சலுகை தரலாம். சிறு கடன் பெற வழி செய்யலாம். சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய மேசன்மாரைக் கொண்டு இளைஞருக்குப் பயிற்சி அளிக்கலாம். பழைய வீடுகள் பிழைப்பதோடு புதிய தொழிலும் பிறக்கும்.

நாம் செய்யக்கூடியவை

அரசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய வீட்டில் வாழ்வோர் மாரிக்கு முன் ஓடுகளையும் பீலிகளையும் பார்த்துச் சீர்செய்க. சுவரடியில் நீர் தேங்கவிடாதீர். கறையான் புற்றைக் கண்டவுடன் அகற்றுக. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசுக. வெளிநாட்டிலுள்ள பங்காளிகள் விழாக்காலத்தில் கூடும்போது காணியைப் பிரிப்பதை மட்டும் பேசாமல், ஒருவர் பொறுப்பேற்க ஏனையோர் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை அனுப்புவது பற்றியும் பேசுக.

மாணவர்களே! உங்களுக்கும் ஒரு பணி உண்டு. உங்கள் ஊரின் பழைய வீடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உரிமையாளரின் அனுமதி பெற்று அளவெடுத்து வரைபடம் தீட்டுங்கள்; கதவையும் முற்றத்தையும் படம் பிடியுங்கள். வீட்டிலுள்ள பாட்டியிடம், “இதைக் கட்டியவர் யார்? மரம் எங்கிருந்து வந்தது? இந்த முற்றத்தில் எத்தனை கல்யாணம் நடந்தது?” என்று கேட்டு எழுதுங்கள். நாளை வீடு வீழ்ந்தாலும் உங்கள் ஏடு நிற்கும். ஏடு இருப்பதாலேயே வீடு நிற்கவும் கூடும்; தம் வீட்டின் பெருமையைப் பிறர் வாயிலாகக் கேட்டவர் அதை எளிதில் இடிக்க மனங்கொள்ளார்.

வீட்டின் உறுதிப் பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கலாம். அதன் நினைவு ஊருக்கெல்லாம் சொந்தம். உரிமையைக் குடும்பம் வைத்துக்கொள்ளட்டும். சுமையில் ஒரு பங்கை ஊர் ஏற்கட்டும்.