இருவண்ணப் பின்னல் குல்லா

இருவண்ணப் பின்னல் குல்லா என்பது இரண்டு நிற நூல்களைக் கொண்டு, ஒரு சின்னமோ எண்ணோ உருவமோ தெரியும்படி ஊசியால் பின்னப்படும் தலையணி ஆகும். ஒரு விளையாட்டு அணி, திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றின் ரசிகர்கள் தங்கள் விருப்பத்தைக் காட்ட இவ்வகைக் குல்லாக்களைப் பின்னி அணிகின்றனர். உருவம் வெளிப்புறத்தில் தெரிந்தாலும், குல்லா தலையில் ஏறுமா என்பதை அதன் உட்புறத்தில் ஓடும் நூலே முடிவு செய்கிறது. இக்கட்டுரை அதற்கான காரணத்தையும் கணக்கையும் ஒரு மாதிரிக் குல்லாவைக் கொண்டு விளக்குகிறது.

வரலாறு

அணிபவர் யார், எதைச் சேர்ந்தவர் என்பதைக் குல்லாவின் பின்னல் வழியே சொல்லும் வழக்கம் பழமையானது. பெரு நாட்டின் டிட்டிகாக்கா ஏரியிலுள்ள டாக்கீலே தீவில் ஆண்களே குல்லா பின்னுகின்றனர். மணமானவர், மணமாகாதவர் என்ற வேறுபாடு குல்லாவின் நிறத்திலேயே தெரியும். இத்தீவின் நெசவு, பின்னல் கலையை யுனெஸ்கோ 2005-இல் சிறப்பித்து, 2008-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஒரே சுற்றில் இரண்டு நிறங்களை மாற்றி மாற்றிப் பின்னும் முறைக்கு ஃபேர் ஐல் பின்னல் என்ற பெயர் உலகெங்கும் வழங்குகிறது. ஃபேர் ஐல் என்பது ஸ்காட்லாந்தின் வடக்கே, ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுக்கூட்டங்களுக்கு இடையில் உள்ள சிறு தீவு. வேல்ஸ் இளவரசராக இருந்த எட்வர்ட் 1920களில் கோல்ஃப் விளையாடும்போது இவ்வகை மேலாடையை அணிந்ததால் அது பெரும் புகழ் பெற்றது. எத்தனை நிறங்கள் இருந்தாலும் ஒரு சுற்றில் இரண்டு நிறங்களுக்கு மேல் கையாளக் கூடாது என்பது இம்மரபின் விதி.

தொலைக்காட்சி பரவிய பிறகு ரசிகர்களும் இக்கலையில் சேர்ந்தனர். 2007-இல் தொடங்கிய 'ஃபோர்பிரூடெல்சன்' என்ற டேனிஷ் தொடரில் காவல் அதிகாரி சாரா லுண்ட் அணிந்த ஃபாரோ தீவுப் பின்னல் மேலாடை, பிரிட்டனில் 2011-இல் அத்தொடர் ஒளிபரப்பானபோது தனிப் புகழ் பெற்றது. பலர் அதே வடிவத்தைத் தாங்களே பின்னிக்கொண்டனர்.

தமிழ்நாட்டில் கம்பளிக் குல்லாவின் தேவை குறைவு. விருத்தாசலத்தை அடுத்த மங்கலம்பேட்டை போன்ற சமவெளி ஊர்களில் மார்கழி, தை மாத அதிகாலைப் பனிக்கே குல்லா தேவைப்படும். ஆனால் ரசிகர் பற்றுக்கும், கட்டம் எண்ணி உருவம் அமைக்கும் பழக்கத்துக்கும் இங்கே குறைவில்லை. புள்ளி எண்ணிக் கோலம் போடத் தெரிந்தவருக்கு இப்பின்னலின் வரைபடம் அந்நியமாகத் தோன்றாது.

நூலும் ஊசியும்

கடைகளில் 'உல்லன் நூல்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் அக்ரிலிக் நூலே. பழகுவதற்கு அது போதும். ஆட்டுக் கம்பளி நூல் நன்கு இழுபடும். சிறு குறைகளை மறைக்கும். பருத்தி நூல் வெப்பத்துக்கு ஏற்றது என்றாலும் இழுபடாது. எனவே கணக்கில் பிழை இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

நிறங்களைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு சோதனைகள் செய்வது நல்லது. முதலாவது, இரண்டு நூற்கண்டுகளையும் அருகருகே வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தல். படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் உருவம் எடுபடாது. இரண்டாவது, அடர்நிற நூலில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தல். சாயம் ஒட்டினால், குல்லாவைத் துவைக்கும்போது மற்ற நிறத்திலும் அது ஏறிவிடும்.

பின்னுவதற்கு 4 மி.மீ. தடிமனும் 40 செ.மீ. நீளமும் கொண்ட வட்ட ஊசி, விளிம்புக்கு 3.25 மி.மீ. வட்ட ஊசி, உச்சிப் பகுதிக்கு 4 மி.மீ. இருமுனை ஊசிகள் ஐந்து ஆகியவை தேவை. இரண்டு ஊசி முனைகளை நெகிழும் கம்பியால் இணைத்தது வட்ட ஊசி ஆகும்.

அளவுக் கணக்கு

ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் கண்ணி எனப்படும். 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணிகள் அமைகின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறும். எனவே முதலில் ஒரு சிறு மாதிரித் துண்டைப் பின்னி, நனைத்து உலர்த்திய பின் எண்ண வேண்டும். மாதிரியையும் இரண்டு நிறங்களில் வட்டமாகவே பின்ன வேண்டும்.

10 செ.மீ. அகலத்தில் 24 கண்ணிகளும், 10 செ.மீ. உயரத்தில் 28 சுற்றுகளும் அமைவதாகக் கொள்வோம். தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்றால், குல்லா இறுக்கமாகப் பொருந்த ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைத்து 50 செ.மீ. சுற்றளவில் பின்ன வேண்டும்.

24 × 50 ÷ 10 = 120 கண்ணிகள்.

மாதிரியில் 24-க்குப் பதில் 26 கண்ணிகள் வந்திருந்து, அதைக் கவனிக்காமல் 120 கண்ணிகளே ஏற்றினால் குல்லா 46 செ.மீ. ஆகச் சுருங்கும், பெரியவர் தலைக்குப் போதாது. 22 கண்ணிகள் வந்திருந்தால் 54 செ.மீ.க்கு மேல் போய்த் தளர்ந்துவிடும்.

வரைபடம்

வரைபடத்தில் ஒரு கட்டம் ஒரு கண்ணியைக் குறிக்கும். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியில் மகேந்திர சிங் தோனியின் சட்டை எண்ணான 7, இங்கே எடுத்துக்காட்டாகத் தரப்படுகிறது. வெள்ளைக் கட்டம் மஞ்சள் நூல்; கறுப்புக் கட்டம் நீல நூல்.

■■■■■■■□□□□□ 9
■■■■■■■□□□□□ 8
□□□□□■■□□□□□ 7
□□□□■■□□□□□□ 6
□□□□■■□□□□□□ 5
□□□■■□□□□□□□ 4
□□□■■□□□□□□□ 3
□□■■□□□□□□□□ 2
□□■■□□□□□□□□ 1

இதன் அகலம் 12 கட்டங்கள். 120-ஐ 12 மீதியின்றி வகுக்கும் என்பதால் எண் 7 குல்லாவைச் சுற்றிப் பத்து முறை வரும். வேறு உருவம் வரைவோரும் மொத்தக் கண்ணிகளை வகுக்கும் அகலத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையெனில் சுற்று முடியும் இடத்தில் உருவம் பாதியில் அறுந்து நிற்கும்.

வட்டப் பின்னலில் வரைபடத்தை அடியிலிருந்து மேலாகவும், ஒவ்வொரு வரியையும் வலமிருந்து இடமாகவும் படிக்க வேண்டும். புதிய கண்ணி எப்போதும் முந்தைய கண்ணிக்கு இடப்பக்கத்தில் அமைவதே இதற்குக் காரணம். முதல் வரியை மஞ்சள் 8, நீலம் 2, மஞ்சள் 2 என்று படிக்க வேண்டும். தமிழ் எழுத்தைப் படிக்கும் பழக்கத்தில் இடமிருந்து வலமாகப் படித்தால் எண் 7 கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பிவிடும். இருபுறமும் ஒத்த பூ, நட்சத்திரம் போன்ற வடிவங்களில் இப்பிழை தெரியாது. எழுத்திலும் எண்ணிலும் உடனே தெரியும்.

கண்ணி சதுரமானதன்று. மேற்கண்ட அளவில் 12 கண்ணிகளின் அகலம் 5 செ.மீ.; 12 சுற்றுகளின் உயரம் 4.3 செ.மீ. மட்டுமே. ஆகவே சதுரக் கட்டத்தாளில் வரைந்த வட்டம் பின்னலில் தட்டையாகும். விருப்ப நடிகரின் முகத்தை வரைந்தால் அது உப்பிய முகமாகிவிடும். உயரத்தில் ஆறு வரிகளுக்கு ஒரு வரி கூடுதலாக வரைந்தால் இக்குறை நீங்கும்.

பின்னும் முறை

1. சிறிய ஊசியில் மஞ்சள் நூலால் 120 கண்ணிகள் ஏற்றி, முறுக்கு விழாமல் வட்டமாக இணைக்க வேண்டும். நிட் எனப்படும் நேர்க்கண்ணி இரண்டு, பர்ல் எனப்படும் எதிர்க்கண்ணி இரண்டு என மாற்றி மாற்றி 5 செ.மீ. பின்னினால் இழுபடும் விளிம்பு கிடைக்கும்.

2. பெரிய ஊசிக்கு மாறி, இனி எல்லாக் கண்ணிகளையும் நேர்க்கண்ணிகளாகவே பின்ன வேண்டும். மஞ்சளில் 8 சுற்றுகள், வரைபடப்படி 9 சுற்றுகள், மீண்டும் மஞ்சளில் 11 சுற்றுகள் என 28 சுற்றுகள் வரும். இப்போது குல்லாவின் உயரம் 15 செ.மீ.

3. உச்சிக்காக, 12 கண்ணிகள் கொண்ட பத்துப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்ன வேண்டும். இவ்வாறு ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றாக ஆறு முறையும், பின்னர் தொடர்ந்து ஐந்து சுற்றுகளும் குறைத்தால் 10 கண்ணிகள் மிஞ்சும். வட்ட ஊசியில் கண்ணிகள் எட்டாத நிலை வரும்போது இருமுனை ஊசிகளுக்கு மாற வேண்டும்.

4. நூலை வெட்டி, மிஞ்சிய 10 கண்ணிகளின் வழியே கோத்து இறுக்கி, உட்புறத்தில் மறைத்துத் தைக்க வேண்டும். மொத்த உயரம் ஏறத்தாழ 21 செ.மீ.

உட்புற நூல்

ஒரு நிறத்தில் பின்னும்போது மற்ற நிற நூல் உட்புறத்தில் கண்ணிகளைத் தாண்டிச் செல்லும். இந்தத் தாண்டு நூலே இப்பின்னலின் முதன்மையான சிக்கல். மேற்கண்ட வரைபடத்தின் முதல் ஏழு வரிகளில், ஒரு நீலக் கோட்டுக்கும் அடுத்த நீலக் கோட்டுக்கும் இடையே 10 மஞ்சள் கண்ணிகள் உள்ளன. அதாவது நீல நூல் 4 செ.மீ.க்குச் சற்று அதிகமாகத் தாண்ட வேண்டும்.

புதிதாகப் பின்னுவோர், நூல் தளர்ந்து தொங்கிவிடுமோ என்ற அச்சத்தில் அதை இழுத்துப் பிடிப்பதுண்டு. ஒவ்வொரு தாண்டலிலும் அரை செ.மீ. குறைந்தால், பத்துத் தாண்டல்களில் 5 செ.மீ. குறையும். 50 செ.மீ. சுற்றளவுள்ள குல்லா அந்த இடத்தில் 45 செ.மீ. ஆகிவிடும். கண்ணிகள் இழுபட்டாலும் உட்புற நூல் இழுபடாது என்பதால், துவைத்தாலோ இழுத்தாலோ இது சரியாகாது. பிரித்துப் பின்னுவதே வழி. வெளிப்புறத்தில் துணி சுருங்கிக் குமிழ் போல் எழுவது இதன் அறிகுறி.

இதைத் தவிர்க்கும் வழிகள் வருமாறு:

நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும், வலது ஊசியில் உள்ள கண்ணிகளை விரலால் விரித்துவிட்டுப் பிறகே அடுத்த நூலை எடுக்க வேண்டும். அப்போது தாண்டு நூல் விரிந்த துணியின் நீளத்துக்கு அமையும்.

ஐந்து கண்ணிகளுக்கு மேல் தாண்டும் இடங்களில், நடுவில் ஒருமுறை இரண்டு நூல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிவிட வேண்டும். இல்லையெனில் அணியும்போது விரலோ தலைமுடியோ நூலில் சிக்கும். முறுக்கு ஒரே இடத்தில் அடுக்காக வந்தால் நீலம் வெளியே தெரியும். ஒரு சுற்றில் நான்காம் கண்ணி, அடுத்த சுற்றில் ஆறாம் கண்ணி என மாற்ற வேண்டும்.

இரண்டு நூல்களில் ஒன்று எப்போதும் கீழிருந்தும் மற்றது எப்போதும் மேலிருந்தும் வர வேண்டும். கீழிருந்து வரும் நூலின் கண்ணிகள் சற்றுப் பெரிதாகி முன்னே தெரியும். எனவே உருவத்துக்குரிய நீலம் கீழே இருப்பது நல்லது. இடையில் மாற்றினால் எண்ணின் ஒரு பகுதி மங்கித் தெரியும்.

மூன்று, நான்கு சுற்றுகள் முடிந்ததும் துணியை விரித்து 56 செ.மீ. வரை இழுபடுகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். அந்நிலையில் பிரிப்பது எளிது. உச்சி வரை முடித்த பின் பிரிப்பது பல நாள் உழைப்பை இழப்பதாகும். அப்போதும் இறுகினால், உருவச் சுற்றுகளுக்கு மட்டும் சற்றுத் தடித்த ஊசியைப் பயன்படுத்தலாம்.

உரிமை

தாமே அணிவதற்குப் பின்னுவதும் விற்பனைக்குப் பின்னுவதும் ஒன்றல்ல. 2002-இல் ஒளிபரப்பான 'ஃபயர்ஃபிளை' என்ற அமெரிக்கத் தொடரில், ஜேன் என்னும் பாத்திரத்துக்கு அவன் தாய் பின்னி அனுப்பிய ஆரஞ்சு, மஞ்சள் குல்லா ரசிகர்களின் அடையாளமானது. பலர் அதைக் கையால் பின்னி இணையச் சந்தையில் விற்றனர். 2013-இல் தொடரின் உரிமையாளரான ஃபாக்ஸ் நிறுவனம் அக்குல்லாவைத் தயாரிக்க வேறொரு நிறுவனத்துக்கு உரிமம் அளித்த பின், கைப்பின்னல் விற்பனையாளர்களுக்குத் தடை அறிவிப்புகள் சென்றன. பல ஆண்டுகளாகத் தொடரின் நினைவைக் காத்தவர்கள் தாங்களே என்று ரசிகர்கள் வருந்தினர்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலுக்கு இடம் தருகிறது. விற்பனைக்கு அந்த இடம் பொருந்தாது. அணிகளின் சின்னங்களுக்கு வணிகக் குறியீட்டுச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. எனவே விற்க விரும்புவோர் சிங்க முகச் சின்னத்தையோ பெயரையோ பின்னாமல், தாமே வரைந்த வடிவத்தைப் பயன்படுத்துவது நல்லது.

பராமரிப்பு

குல்லாவைக் குளிர்ந்த நீரில் கையால் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, நிழலில் தட்டையாகப் பரப்பி உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடையால் விளிம்பு தளரும். உலர்ந்த பின் கண்ணிகள் ஒரே சீராகப் படிந்து உருவம் தெளிவடையும்.